ஒரே ஒரு சிவப்பு விசை

லெட்டெரா 22 தட்டச்சுப் பொறி எங்காவது கண்ணில் பட்டால் உடனே விரலை வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். கறுப்பு விசைகள் வரிசை வரிசையாக, பந்தியில் உட்கார்ந்தவர்கள் போல அடக்கமாக இருக்கும். ஓரமாக ஒன்று மட்டும் சிவப்பு. பட்டியல் அடிக்கும்போது காகிதத்தை ஒரே தாவில் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிற டேபுலேட்டர் விசை அது. அடிக்கிறவருக்கு அது எப்போதோ ஒரு முறைதான் தேவைப்படும். அந்த ஒரு முறையும் கண் அலையக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு மட்டும்தானா அந்தச் சிவப்பு? வெளிர்நிற உடலும் கறுப்பு விசையுமாக இருக்கிற பொறிக்கு அது நெற்றிப் பொட்டு. அதை எடுத்துவிட்டால் முகம் வெறிச்சென்று ஆகிவிடும்.

நான் தட்டச்சு பழகியது எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், லோயர் பரீட்சைக்காக. அங்கிருந்த பொறிகளை இடம் மாற்ற இரண்டு பேர் வேண்டும். காகிதம் சுற்றிய வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உடலை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் குடல் தெரிகிற மாதிரி கம்பியும் நெம்புகோலும் தெரியும். அதில் பழகிய கண்ணுக்கு லெட்டெரா 22 நம்ப முடியாத பொருள். உயரம் 8 சென்டிமீட்டர் அளவுதான். எடை 4 கிலோவுக்குள். எண் 1க்குத் தனி விசை கிடையாது. ஆங்கில ‘எல்’லின் சிறிய வடிவத்தையே ஒன்றாக அடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பல பொறிகளில் இருந்த சிக்கனம்தான் இது. எங்கள் இன்ஸ்டிடியூட்டிலும் அப்படித்தான் அடித்தோம். அங்கே அது கஞ்சத்தனமாகப் பட்டது. இங்கே அளவறிந்த அடக்கமாகப் படுகிறது. ரசிகனின் ஓரவஞ்சனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் 1950இல் வெளியிட்ட பொறி இது. வடிவம் தந்தவர் மார்செல்லோ நிட்ஸோலி, அடிப்படையில் ஓவியர். உள்ளே ஓடும் இயந்திரத்தை அமைத்தவர் ஜுசெப்பே பெச்சோ, பொறியாளர். பொறியாளர் எல்லாம் செய்து முடித்த பிறகு ஓவியரைக் கூப்பிட்டு, ‘இதற்கு ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள்’ என்று கேட்ட வேலையாக இது தோன்றவில்லை. வண்டி உடலுக்குள்ளேயே அமிழ்ந்திருக்கிறது. விசைப்பலகை உடலின் எல்லைக்கோட்டை மீறவில்லை. இயந்திரம் இரண்டு விரற்கடை கூடுதலாக நின்றிருந்தால் இந்தத் தாழ்ந்த கோடு வந்திருக்காது. ஒருவர் குனிந்து கொடுக்க, இன்னொருவர் நிமிர்ந்து வாங்கியிருக்கிறார். 1954இல் இத்தாலி தன் முதல் ‘கொம்பாஸோ தோரோ’ வடிவமைப்பு விருதுகளைத் தந்தபோது இதற்கும் ஒன்று கிடைத்தது. தங்கக் கவராயம் என்று பொருள். 1959இல் சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகம் நூறு வடிவமைப்பாளர்களைக் கேட்டுத் தயாரித்த பட்டியலில், கடந்த நூறு ஆண்டுகளின் சிறந்த வடிவமைப்பாக முதலிடம் இதற்குத்தான்.

இத்தனையையும் செய்வித்தவர் தன் கையால் ஒரு கோடுகூட வரைந்தவர் அல்லர். அட்ரியானோ ஒலிவெட்டி, வேதிப் பொறியியல் படித்தவர். இன்று தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமை என்றதும் நமக்கு நினைவு வருகிற ஆள், திருகாணியின் தலை வரை எட்டிப் பார்த்து, பொத்தானின் வளைவுக்காக ஊழியரைத் திட்டி, மேடையேறித் தானே திரையை விலக்குகிறவர். அட்ரியானோ அந்த ரகம் இல்லை. கூச்ச சுபாவக்காரர். ஆளைத் தேர்ந்தெடுப்பார், வேலையை ஒப்படைப்பார், ஒதுங்கிக்கொள்வார். எழுத்தாளர் நதாலியா கின்ஸ்பர்க் 1963இல் எழுதிய குடும்ப நினைவு நூலில் இவர் வருகிறார். நதாலியாவின் அக்கா பாவோலாவை மணந்தவர் இவர். முசோலினியின் ஆட்சிக்குத் தப்பி, சோஷலிஸ்ட் தலைவர் பிலிப்போ துராத்தி 1926இல் நாட்டை விட்டு ஓடியபோது, இரவோடு இரவாகக் காரோட்டியவர்களில் அட்ரியானோவும் உண்டு. அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கதையை அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். கமில்லோ ஒலிவெட்டி 1908இல் இத்தாலியின் வடமேற்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில், இவ்ரேயா என்ற சிற்றூரில் தொழிற்சாலையைத் தொடங்கினார். சிவப்புச் செங்கல் கட்டடம், இன்னும் நிற்கிறது. முதல் தட்டச்சுப் பொறி ‘எம்1’ 1911இல் தூரின் கண்காட்சிக்கு வந்தது. அக்காலத்துப் பொறிகளில் பொன்னிறப் பூவும் கொடியும் தீட்டியிருப்பார்கள். தையல் இயந்திரங்களில் நாம் பார்த்திருக்கிறோமே, அந்த மாதிரி. கமில்லோ அது வேண்டாம் என்றார். வரவேற்பறை அலங்காரப் பொருள் போல இருக்கக் கூடாது, கம்பீரமாகவும் அழகாகவும் ஒருசேர இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மகனுக்கு வந்த கண், பாதி அங்கிருந்து வந்தது.

மீதிப் பாதி ஒரு வெறுப்பிலிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். 1914இல் கமில்லோ 13 வயது மகனைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பினார். முதலாளி மகன் மேற்பார்வை பார்க்கப் போகவில்லை, கையில் எண்ணெய் படியத்தான் போனான். ஒரே துளையை, ஒரே அசைவால், நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று பையன் தெரிந்துகொண்டான்; வெறுத்தான். மனத்துக்குச் சிறை என்றே பிற்காலத்தில் அந்த வேலையை நினைவுகூர்ந்தார். 1925இல் அமெரிக்கா போய்த் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். தொடர் உற்பத்தி முறையைக் கொண்டுவந்தார், உற்பத்தி பெருகியது. ஆனால் துளை போட்ட பையன் உள்ளேயே இருந்தான். புதிய முறையைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு நீக்காதே என்று அப்பா சொன்னதும் கூடவே இருந்தது.

1938இல் தலைவர் பொறுப்பு முறைப்படி கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1930களின் நடுவிலேயே, அப்பாவின் செங்கல் கட்டடத்தை ஒட்டிப் புதுக் கட்டடம் எழத் தொடங்கிவிட்டது. கட்டியவர்கள் லூயிஜி ஃபிஜினி, ஜீனோ பொல்லினி என்ற இரு இளம் கட்டடக் கலைஞர்கள். இந்தச் சுவரின் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். சுவர் என்று சொல்வதே தவறு. தெரு நீளத்துக்கும் கண்ணாடி. அதுவும் இரட்டைக் கண்ணாடி. உள்ளே வேலை செய்கிறவர் தலை நிமிர்ந்தால் வானமும் மலையும் தெரியும். தெருவில் போகிறவர் திரும்பிப் பார்த்தால் உள்ளே நடக்கும் வேலை தெரியும். தொழிற்சாலை என்றால் உயர்ந்த மதில், எட்டாத உயரத்தில் கம்பி போட்ட சாளரம், வாசலில் சங்கு என்று பழகிய காலம் அது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு இதைவிடத் துணிவான வழி இருக்க முடியாது. அந்தச் சிவப்பு விசையை நிறுத்தி ரசித்தோம் அல்லவா? அதே கண்தான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. அங்கே விரலை நினைத்துக்கொண்டது, இங்கே தலை நிமிரும் கணத்தை நினைத்துக்கொண்டது.

அந்தத் தெருவுக்கு இன்று ஜெர்விஸ் பெயர். ஒலிவெட்டியின் பொறியாளர், எதிர்ப்புப் போராட்டத்தில் சேர்ந்து 1944இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டவர். அட்ரியானோவும் ரோமில் சிறைப்பட்டு, பிறகு சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனவர்தான்.

கண்ணாடிக்கு எதிர்ச்சாரியில் என்ன இருக்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. நூலகமும் மருத்துவ உதவியும் கொண்ட சமூக சேவை மையம். அதையும் ஃபிஜினி, பொல்லினியே கட்டினார்கள். தொழிலாளர் குழந்தைகளுக்கான காப்பகத்தையும் அட்ரியானோ அவர்களையே கட்டச் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தைக் கட்டியவர் இஞ்ஞாட்ஸியோ கார்தெல்லா. குன்றின் சரிவுக்கு ஏற்ப மடிந்து இறங்கும் கட்டடம், மரங்களைப் பார்த்தபடி சாப்பிடலாம். தலைமை அலுவலகத்துக்கு நல்ல கட்டடக் கலைஞரை வைப்பார்கள். கேன்டீனுக்கு யார் வைப்பார்கள்? மதிய இடைவேளையில் சொற்பொழிவு, இசை நிகழ்ச்சி, திரைப்படம். பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஒன்பதரை மாத விடுப்பு. 1950களில், மற்ற ஆலைகளில் வாரம் 48 மணி நேர வேலை நடந்துகொண்டிருந்தபோது, சம்பளத்தைக் குறைக்காமல் 45 ஆக்கினார். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பொறிகள் விற்காமல் தேங்கின. ஆளைக் குறையுங்கள் என்று ஆலோசனை வந்தது. அவர் விற்பனையாளர்களைக் கூடுதலாக வேலைக்குச் சேர்த்தார், கிடங்கு காலியானது.

இன்னொரு வினோதம் உண்டு, எழுதுகிறவனுக்குப் பொறாமை தருவது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவை ஒரு காலத்தில் நடத்தியவர் லெயோனார்தோ சினிஸ்கால்லி என்ற கவிஞர். பொறியியலும் படித்தவர். பிராங்கோ ஃபொர்த்தீனி என்ற கவிஞர் விளம்பர வாசகம் எழுதினார். பொறிகளுக்குப் பெயர் வைத்தார். லெட்டெரா என்றால் இத்தாலிய மொழியில் எழுத்து, கடிதம் இரண்டும்தான். ஒரு பொறிக்கு வெறும் எண்ணை ஒட்டாமல் இப்படி இரட்டைப் பொருளில் பேர் சூட்டுவதற்குக் கவிஞனைத்தான் கூப்பிட வேண்டும். நூலகத்தில் ஜொவான்னி ஜூதிச்சி என்ற கவிஞர். சமூக சேவைப் பிரிவின் தலைவர் பாவோலோ வொல்போனி, அவரும் கவிஞர், பின்னாளில் நாவலாசிரியர். சேஸரே முசாத்தி என்ற உளவியலாளர் தொழிற்சாலைக்குள்ளேயே உளவியல் மையம் அமைத்தார். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைச் சேர்த்தால், கூடவே பொருளாதாரம் அறிந்த ஒருவரையும் இலக்கியம் அறிந்த ஒருவரையும் சேர்ப்பது அட்ரியானோவின் வழக்கம் என்று சொல்வார்கள். ஓவியர் ஜொவான்னி பிந்தோரி வரைந்த 1949ஆம் ஆண்டுச் சுவரொட்டியைப் பாருங்கள். பல நிறத்தில் எண்கள், பல அளவில், சந்தைக் கூட்டம் போல ஒன்றின் மேல் ஒன்று முண்டியடிக்கின்றன. நடுவில் ‘ஒலிவெட்டி’ என்ற ஒரே சொல். பொறியின் படம் இல்லை, விலை இல்லை, ‘உடனே வாங்குவீர்’ இல்லை. பார்க்கிறவருக்குப் புரியும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

எல்லாம் பால் பாயசமா என்றால், இல்லை. நேப்பிள்ஸ் வளைகுடாவைப் பார்த்தபடி, பொட்ஸுவோலி என்ற ஊரில், 1955இல் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். லூயிஜி கொசென்சா கட்டியது. தாழ்ந்த கட்டடங்கள், நடுவே தோட்டம், குளம், சாளரத்துக்கு அப்பால் கடல். தொழிற்சாலைக்கு லாபத்தைத் தவிர வேறு நோக்கம் இருக்கக் கூடாதா என்று அட்ரியானோ திறப்பு விழாவில் கேட்டார். அங்கே வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவர் ஓட்டியேரோ ஓட்டியேரி. உள்ளே சில நூறு இடங்கள். வெளியே பசியோடு ஆயிரக்கணக்கானவர்கள். தகுதித் தேர்வு வைத்து ஏழைகளைத் திருப்பி அனுப்பிய அனுபவத்தை ஓட்டியேரி 1959இல் நாவலாக எழுதினார். நாவலில் தொன்னருமா என்ற ஒருவன் விண்ணப்பம் போட மறுத்து, வேலை கொடு என்று வாசலிலேயே வந்து நிற்கிறான். அழகிய தோட்டத்தை அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. வொல்போனியும் 1962இல் எழுதிய தன் முதல் நாவலில், எத்தனை வசதி செய்து கொடுத்தாலும் ஆலைக்குள் குலைந்துபோகிற ஒரு தொழிலாளியைத்தான் படைத்தார். வொல்போனி அதற்குப் பிறகும் ஒலிவெட்டியில்தான் பல ஆண்டுகள் உயர்பொறுப்பில் இருந்தார். தன் தோட்டத்தில் உள்ள முள்ளை எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட நிறுவனம் அது. இந்த நயம் எனக்குச் சிவப்பு விசையையும்விடப் பிடித்திருக்கிறது.

அட்ரியானோவுக்கு அரசியல் ஆசையும் இருந்தது. சமுதாய இயக்கம் என்று ஒன்று தொடங்கி, இவ்ரேயாவின் மேயரானார். 1958 தேர்தலில் இயக்கத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். இதில் ரசிக்க அதிகம் இல்லை; மேலே போவோம்.

1954இல் நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில், 584ஆம் எண்ணில், ஒலிவெட்டியின் காட்சிக்கூடம் திறந்தது. வடிவமைத்தது மிலானின் ‘பிபிபிஆர்’ குழு. பச்சைப் பளிங்குத் தரை. அந்தத் தரையே அங்கங்கே முளைவிட்டு எழும்பியது போலப் பளிங்குத் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் தலையிலும் ஒரு பொறி, பூப்போல. ஒரு பக்கச் சுவர் முழுக்க கொஸ்தாந்தீனோ நிவோலா செய்த மணல் வார்ப்புச் சிற்பம். கடற்கரையில் குழந்தைகளோடு மணலில் விளையாடும்போது அவருக்குப் பிடிபட்ட உத்தி அது. ஈர மணலில் உருவத்தைக் குடைந்து, சாந்தை ஊற்றி, இறுகியதும் புரட்டி எடுப்பார். இத்தனை அழகையும் உள்ளே வைத்துவிட்டு, ஒரே ஒரு தண்டை மட்டும் கதவுக்கு வெளியே, நடைபாதையிலேயே நட்டார்கள். அதன்மேல் ஒரு தட்டச்சுப் பொறி, காகிதம் செருகி. யார் வேண்டுமானாலும் நின்று அடித்துப் பார்க்கலாம். காவலாளி கிடையாது, ‘தொடாதீர்’ பலகை கிடையாது. கவிஞர் பிராங்க் ஓஹாராவின் 1964ஆம் ஆண்டுத் தொகுப்பின் பின்னட்டைக் குறிப்பில்கூட, மதிய உணவு நேரத்தில் ஒலிவெட்டி மாதிரிப் பொறி ஒன்றின் முன் நின்று அடிப்பது பற்றிய பேச்சு வருகிறது.

அந்த நடைபாதையில் நின்றவர்களில் இன்னொருவர் ஐபிஎம்மின் தாமஸ் வாட்சன் ஜூனியர். ஒலிவெட்டியின் வண்ணத்தையும் ஒழுங்கையும் பார்த்துவிட்டுத் தன் நிறுவனத்தைப் பார்த்தால் மங்கலாகத் தெரிந்தது என்று அவரே தன் நினைவுகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1956இல் எலியட் நோய்ஸ் என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்து, பொறியிலிருந்து கட்டடம்வரை ஐபிஎம்மின் தோற்றத்தையே மாற்றினார். ஸ்டீவ் ஜாப்ஸ் 1981இல் ஆஸ்பென் நகர வடிவமைப்பு மாநாட்டுக்குப் போனார்; அந்த ஆண்டு அங்கே பேசுபொருள் இத்தாலிய வடிவமைப்பு, பேச வந்தவர்களில் ஒருவர் ஒலிவெட்டிக்குப் பொறிகள் வடித்த மாரியோ பெல்லினி. ஆனால் ஐபிஎம் ஆகட்டும், ஆப்பிள் ஆகட்டும், ஒரே கையெழுத்தை எல்லாப் பொருளிலும் பதித்தன. ஒலிவெட்டியில் அது இல்லை. நிட்ஸோலி கை வேறு, பிந்தோரி கை வேறு, பிபிபிஆர் கை வேறு. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று மட்டும் முகம் சொல்லும். எனக்கு இதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது. தன் ரசனையை எல்லார் மேலும் திணிக்காத தலைவரிடம் மற்றவர்களின் ரசனை மலர்ந்திருக்கிறது.

ஒலிவெட்டி செய்த எலேயா 9003 கணினிக்கு வருவோம். 1954 வாக்கில் அட்ரியானோவும் மகன் ரொபெர்த்தோவும் மாரியோ சூ என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள். சீனத் தூதரக அலுவலரின் மகனாக ரோமில் பிறந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிஸா நகரின் ஓரத்தில், பார்பரிச்சினாவில், ஒரு வீட்டில் ஆய்வுக்கூடம். இளைஞர் கூட்டம். 1959இல் வெளிவந்த எலேயா, முழுக்க டிரான்சிஸ்டர்களால் ஆன உலகின் முதல் வணிகக் கணினிகளுள் ஒன்று. எலேயா என்பது பழைய கிரேக்கத் தத்துவப் பள்ளியின் ஊர்ப்பெயரும்கூட. பெயர் வைப்பதில் இந்த வீட்டுக்கு எப்போதும் கை ராசி.

அதற்கு வடிவம் தந்தவர் எத்தோரே சோட்ஸாஸ். அப்போதைய கணினிகள் அறையை அடைக்கும் பீரோக்கள்; அவற்றுக்கு இடையே ஆள் தொலைந்துபோவார். கேபிள்கள் தரைக்கு அடியில் ஓடும். அதற்காகப் பொய்த்தரை போட வேண்டும். சோட்ஸாஸ் கேபிள்களைத் தூக்கித் தலைக்கு மேலே, பாலம் போன்ற குழாய்களில் போட்டார். பீரோக்களின் உயரத்தைக் குறைத்தார். எவ்வளவு குறைத்தார் என்பதில்தான் நயம். நின்று வேலை செய்கிறவர் ஒருவர், பொறிக்கு மேலாக, அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு. இவ்ரேயாவின் கண்ணாடிச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மலை தெரிந்தது. இங்கே கூட வேலை செய்கிறவர் தெரிகிறார். இயக்கும் பலகையின் குறியீடுகளையும் தனியே அமர்ந்து தீட்டினார்கள். முதல் பொறி 1960இல் மார்ட்ஸோட்டோ நெசவு நிறுவனத்துக்குப் போனது. சோட்ஸாஸுக்குத் தங்கக் கவராயம் கிடைத்தது.

அதற்குள் சோகம் வந்துவிட்டது. 1960 பிப்ரவரி 27, மிலானிலிருந்து லொசானுக்குப் போகும் ரயிலில், சுவிட்சர்லாந்தின் எய்கல் அருகே, அட்ரியானோ திடீரென்று இறந்தார். வயது 58. இவ்ரேயாவில் அது கார்னிவல் நேரம். ஊர் கொண்டாட்டத்தை நிறுத்தியது. மறு ஆண்டு நவம்பரில் மாரியோ சூ சாலை விபத்தில் போனார், வயது 37. அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனத்தை 1959இல் வாங்கிய சுமை வேறு தலையில் இருந்தது. 1964இல் புதிய பங்குதாரர்கள் கணினிப் பிரிவை ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு விற்றார்கள். அழகுணர்ச்சி நிறுவனத்தைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; கடன்காரர் விசையின் நிறத்தைப் பார்த்துத் தவணையைத் தள்ளி வைப்பதில்லை.

ஆனாலும் வளர்த்த வளர்ப்பு உடனே போய்விடவில்லை. பியர் ஜோர்ஜோ பெரோட்டோ தலைமையில் ஒரு சின்னக் குழு மட்டும் விற்பனையில் அடித்துச் செல்லப்படாமல் தப்பியது. கணினி என்று சொன்னால் அதையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று கணக்குப் பொறி என்று பெயர் சொல்லி ஒளித்து வைத்ததாகக் கதை. 1965இல் நியூயார்க் கண்காட்சிக்கு அவர்கள் கொண்டுபோனது புரோகிராமா 101: மேசை மேல் வைத்து, ஒரே ஆள் உட்கார்ந்து, தானே நிரல் எழுதி இயக்கும் பொறி. விலை 3,200 டாலர். நாசாவும் வாங்கியது. அதன் உடலை வடித்தவர், ஆஸ்பெனில் பேச வந்த அதே மாரியோ பெல்லினி. அப்போது முப்பது வயது. பொறியின் முன்விளிம்பு ஒரு நாக்கு போல வெளியே நீண்டு, அடிக்கிறவரின் மணிக்கட்டுக்கு இடம் கொடுக்கும். யாரும் கேட்காத இடத்தில் ஒரு கைத்தாங்கல். 1969இல் சோட்ஸாஸும் பெரி கிங்கும் செய்த சிவப்பு வேலண்டைன் தட்டச்சுப் பொறியைத்தான் உலகம் அதிகம் கொண்டாடுகிறது. எனக்கு அது கொஞ்சம் கூடுதல் சத்தம். லெட்டெராவில் ஒரு விசையில் இருந்த சிவப்பு இதில் உடம்பு முழுக்க ஏறிவிட்டது.

இவ்ரேயா 2018இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது, இருபதாம் நூற்றாண்டின் தொழில் நகரம் என்ற பெயரில். அங்கே போவது எல்லாருக்கும் வாய்க்காது. வெனிசுக்குப் போகிறவர்கள் நம்மவர்களிலும் நிறைய. புனித மாற்கு சதுக்கத்தில் புறாக்களோடு படம் எடுத்து முடித்ததும், வடபுறத் தாழ்வாரத்தில் நடந்து, ஒலிவெட்டி கடை எது என்று கேளுங்கள். அட்ரியானோ கேட்டு, கார்லோ ஸ்கார்பா 1957, 58இல் செய்து கொடுத்தது. இப்போது அங்கே எதுவும் விற்பதில்லை. இத்தாலியின் மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011 முதல் காட்சிக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஐந்து மீட்டர் அகலம்தான் இருக்கும். நீண்ட, குறுகலான இடம். நுழைந்ததும் கறுப்புப் பளிங்குத் தொட்டியில் ஒரு படலம் தண்ணீர். அதன்மேல் அல்பெர்த்தோ வியானியின் வெண்கலச் சிற்பம். தரையில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள், சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று பகுதிக்குப் பகுதி நிறம் மாறும். வரிசை நேராக இருக்காது. மேலே மெல்லத் தண்ணீர் ஓடுவது போல அசைந்து தெரியும். கடல் அடிக்கடி வீட்டுக்குள் வந்துபோகிற ஊர் அல்லவா. நடுவில் பளிங்குப் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் தனிப் பலகை, ஒன்றுக்கு ஒன்று நீளம் வேறு. ஒன்றையொன்று தொடாமல் மிதப்பது போல அடுக்கியிருக்கிறார். அவசரமாக ஏறிவிடாதீர்கள். மேலே போனதும் கண் வடிவத்தில் இரண்டு சாளரங்கள் இருக்கும். அவற்றின் வழியே கீழே சதுக்கத்தில் நடக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.